அட்வான்ஸ் வாங்கிய பிறகு மனம் ஒப்பாத வேலை

தெமட்டகொடையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறவர், முஸ்லிம். காலி வீதிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மெனு அட்டை செய்து தர 90,000 ரூபாவுக்குப் பேசி, 30,000 அட்வான்ஸும் வாங்கிவிட்டார். சாப்பாட்டு மெனு என்றுதான் நினைத்தாராம். முழு விவரம் மின்னஞ்சலில் வந்தபோது பாதிப் பக்கங்கள் பார் மெனு: சாராயம், பியர், கொக்டெய்ல். போதாக்குறைக்கு மாதாமாதம் பேஸ்புக்கில் போட 'ஹாப்பி அவர்' (குறித்த நேரத்தில் மது மலிவு) படங்களும் வேண்டுமாம். அட்வான்ஸில் பாதி வாடகைக்குப் போய்விட்டது. எப்படி மறுப்பது, மறுத்தால் சட்டப்படி பிடிப்பார்களா, இதே வேலை ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு இருக்கும்போது வந்திருந்தால் என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

நான் மௌலவி இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் முப்பது வருஷம் அச்சகம் நடத்தியவன், சைவக்காரன். தேர்த்திருவிழா நோட்டீஸ், கத்தோலிக்கரின் நொவேனா ஜெபப் புத்தகம், ஜனாஸா அறிவித்தல், வெசாக் வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஓட்டியிருக்கிறேன். புதுக்கடை நீதிமன்றம் நடந்து போகும் தூரம் என்பதால் என் வாடிக்கையாளரில் பாதிப்பேர் சட்டத்தரணிகள். அவர்கள் ப்ரூஃப் பார்க்க உட்கார்ந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலைப் பார்த்து மூன்று நாளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் ஹோட்டல்காரர் வேலை நடக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். இதில் எனக்கு ஒரு பழைய தழும்பு இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவர் 5,000 துண்டுப்பிரசுரம் அடிக்கக் கொடுத்தார். ஏதோ ஒரு சபைக் கூட்டத்துக்கு. நான் ஒரு வரிகூட வாசிக்காமல் அட்வான்ஸை வாங்கி லாச்சிக்குள் போட்டேன். மத்தியானம் எழுத்துக் கோர்க்கும் பிள்ளை தாளைக் கொண்டுவந்து ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தாள். கோயில் கும்பிடுகிறவர்கள் பேயைக் கும்பிடுகிறவர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. தலைக்கு மேலே சுவரில் முருகன் படம், ஊதுவத்தி எரிகிறது. எனக்குக் கை ஓடவில்லை. மறுத்துச் சொல்லத் துணிவும் வரவில்லை. "மெஷின் பழுது, வெள்ளிக்கிழமை பாருங்கோ" என்றேன். வெள்ளிக்கிழமையும் பழுது. சனிக்கிழமை அவர் நேரிலேயே வந்தார். அது பழைய ஹைடல்பர்க் மெஷின். ஓடினால் வீதி முனை வரைக்கும் கேட்கும். வாசலில் நின்று கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "விருப்பமில்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணன், நான் வேறு இடம் பார்த்திருப்பேன்" என்றார். அவருடைய கூட்டம் மறுநாள்.

மறுத்ததற்கு எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் என் சாமிக்கு நான் கொடுக்க வேண்டிய காணிக்கையை அந்த மனுஷனிடம் வசூலித்துவிட்டேன். அவருடைய நான்கு நாள், அவருடைய கூட்டம். அதற்குப் பிறகு இப்படி ஒரு விஷயம் வந்தால் நான் பார்ப்பது ஒரே கணக்கைத்தான்: மறுக்கிறவரின் நம்பிக்கைக்கு யார் காசு கொடுக்கிறார்?

சரி, உங்கள் ஓர்டருக்கு வருவோம். அது ஒரு வேலை இல்லை, மூன்று வேலை. சாப்பாட்டுப் பக்கங்கள், பார் பக்கங்கள், பேஸ்புக் படங்கள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு தவிக்காதீர்கள்.

பேஸ்புக் படங்களை முதலில் எடுப்போம், ஏனென்றால் அது சுலபம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், இந்த நாட்டில் மதுபான விளம்பரத்தையும் சிகரெட் விளம்பரத்தையும் தடை செய்கிறது. 'ஹாப்பி அவர்' என்று பியர் கிளாஸ் படம் போட்டு ஊருக்குக் காட்டுவது ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் ஹோட்டலே செய்யக்கூடாத காரியம். எந்த மதக்காரரும், மதமே இல்லாதவரும், இந்தப் பகுதியை மறுக்கலாம். அதற்காகச் சட்டத்தை முன்னால் பிடித்துக்கொண்டு உண்மையான காரணத்தை அதற்குப் பின்னால் ஒளித்துவிடாதீர்கள். நாளைக்கு அவர்கள் "எங்கள் சட்டத்தரணி பரவாயில்லை என்கிறார்" என்று வந்தால் உங்கள் மெஷின் சத்தமும் வீதிக்குக் கேட்டுவிடும்.

பார் பக்கங்கள்தான் சிக்கல். ஒரு கை எவ்வளவு தூரம் நீண்டால் பாவத்தைத் தொட்டதாக ஆகும் என்பது எல்லா மதத்திலும் பழைய கேள்வி. மது விஷயத்தில் பத்துப்பேரைச் சபித்ததாக ஒரு ஹதீஸ் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிழிகிறவர், பிழியச் சொல்கிறவர், குடிக்கிறவர், சுமக்கிறவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், பரிமாறுகிறவர், விற்கிறவர், அந்தக் காசைத் தின்கிறவர், வாங்குகிறவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். விலைப்பட்டியலை அழகாக எழுதிக் கொடுக்கிறவர் அந்த வரிசையில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் ஒருவருக்கொருவர் துணை போகாதீர்கள் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் சொல்வது இங்கே எவ்வளவு தூரம் வரும் என்பதை நான் சொன்னால் பிழை. 1924 முதல் இருக்கிற ஜம்இய்யதுல் உலமா (மார்க்க அறிஞர்களின் சபை) உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, எழுதிக் கேளுங்கள். மருதானையிலிருந்து என்னிடம் புத்தகம் அடிக்க வந்த ஒரு மௌலவி சொன்ன உதாரணம் மட்டும் மனதில் நிற்கிறது. திராட்சை விற்பது ஆகும், இதைக் கொண்டுபோய் மது வடிக்கப் போகிறேன் என்று வாயாலேயே சொல்லி வாங்குகிறவனுக்கு விற்பது வேறு கதை என்றார். அந்தக் கணக்கில் உங்கள் சாப்பாட்டுப் பக்கங்கள் வெறும் திராட்சை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தத் தலையிடி உங்களுக்கு மட்டும் இல்லை. பௌத்தத்தில் உபாசகர் செய்யக்கூடாத வியாபாரம் என்று ஐந்தைச் சொல்கிறார்கள்: ஆயுதம், உயிருள்ளவை, இறைச்சி, போதை, நஞ்சு. கொழும்பில் போயா (பௌர்ணமி) தினத்தில் சாராயக் கடை பூட்டியிருக்கும், மறுநாள் திறந்திருக்கும், முதலாளி இரண்டு நாளும் அதே ஆள்தான். கிறிஸ்தவத்தில் இது இன்னும் பழசு. சுமார் கி.பி. 200இல் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்றொருவர் இருந்தார், படு கறார்ப் பேர்வழி. சிலை செய்து பிழைத்தவர்கள் கிறிஸ்தவர்களான பிறகு, வேறு தொழில் தெரியாதே, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்கள். அவர் கொஞ்சமும் இரங்கவில்லை, ஆனால் வெறும் கையோடும் அனுப்பவில்லை. மரத்தில் மார்ஸ் தெய்வத்தைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு அலுமாரி அடிப்பது எவ்வளவு சுலபம் என்று கேட்டார். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். தொழிலை விடச் சொல்லவில்லை, அதே கையை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்.

அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கதை பைபிளிலேயே இருக்கிறது. சீரியத் தளபதி நாகமான் குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் கடவுளை ஏற்றுக்கொண்ட பிறகு தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டு போவார், அவர் குனியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிட்டார். சம்பளத்துக்கு வேலை செய்கிற எவனுக்கும் நெஞ்சில் தைக்கிற இடம் இது.

எங்கள் பக்கத்தில் நாவலர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சில் வந்தது. திருநீறு பூசிக்கொண்டே அந்த வேலையைச் செய்தார். அது அச்சில் வருவதற்கு முன்பே, 1848இல், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்து அச்சகமும் போட்டார், மிஷனரிகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றார். மற்ற மதத்தின் வேதத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பது அவருக்கு ஒத்துவந்தது, அந்த இடத்திலேயே தொடர்ந்து இருப்பது ஒரு கட்டத்தில் ஒத்துவரவில்லை. அச்சுத்தொழில் செய்கிற சைவனுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. நொவேனா புத்தகம் அடிக்கும்போதெல்லாம் நான் அவரைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். மறுப்பது வேலையையா, ஆளையா?

பெல்பாஸ்டில் ஒரு பேக்கரி. 2014 மே மாதம் ஒருவர் கேக் ஒன்றுக்கு ஓர்டர் கொடுத்தார், ஒருபாலினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்று அதன் மேலே எழுதச் சொன்னார். விலை 36 பவுண் 50 பென்ஸ், முழுக்காசும் வாங்கிவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து போன் பண்ணி, நாங்கள் கிறிஸ்தவர்கள், இதை எழுத முடியாது என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் கதைதான், இல்லையா? அவர் ஒருபாலினத்தவர், அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று வழக்கு. கீழ் நீதிமன்றங்களில் பேக்கரி தோற்றது. 2018 ஒக்டோபரில் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பை மாற்றியது. ஆட்சேபம் கேக்கில் எழுதும் வாசகத்துக்குத்தான், கேட்டு வந்த ஆளுக்கு இல்லை, யார் வந்து கேட்டிருந்தாலும் இந்த வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்கள் என்றார்கள். அதே தீர்ப்பில், ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதற்காக அவருக்குக் கேக்கே விற்க மறுத்தால் அது முற்றிலும் வேறு என்ற எல்லையும் தெளிவாக இருக்கிறது. பேக்கரி நடத்திய தம்பதி 36 பவுண் கேக்குக்காக நான்கு வருஷம் நீதிமன்றத்தில் ஏறி இறங்கினார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த வித்தியாசம் கொழும்பில் எனக்கு 2019இல் விளங்கியது. ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கள் அச்சகத்துக் கண்ணாடியும் ஆடியது. என் மெஷின்காரர் கத்தோலிக்கர். அவருடைய மச்சாளின் பிள்ளை ஆஸ்பத்திரியில். இரண்டு கிழமை கழித்து வேலைக்கு வந்தவரின் முன்னால் மேசையில் இருந்தது ஒரு முஸ்லிம் துணிக்கடையின் பில் புத்தகம். "இதை நான் ஓட்டமாட்டேன் அண்ணன், என் மனசாட்சி இடம் கொடுக்குதில்லை" என்றார். அதே வார்த்தைதான், மனசாட்சி. பில் புத்தகத்தில் என்ன பாவம் இருக்கிறது? தேதி, தொகை, கையொப்பம். அவர் மறுத்தது அந்தக் கடைக்காரரின் பெயரை. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் இதையெல்லாம் பேசுகிறவன் மனுஷனா? "நீ வீட்டுக்குப் போ, ஒரு மாசம் இரு, சம்பளம் வரும்" என்றேன். மெஷினை நானே ஓட்டினேன். முதுகு ஒரு கிழமை நிமிரவில்லை. ஆவணி மட்டில் அவரே ஒருநாள் அந்தக் கடைக்காரரின் அடுத்த ஓர்டரை எடுத்து பிளேட் கட்டினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அது வலி, அதற்கு லீவு கொடுக்கலாம். ஆனால் அதை மனசாட்சி மறுப்பு என்று பெயர்ப்பலகை போட்டுக் கடை வாசலில் தொங்கவிட முடியாது. நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, மதத்தையோ இனத்தையோ காரணம் காட்டி ஒருவரைக் கடை, ஹோட்டல், பொது உணவகம் போன்ற இடங்களுக்கு வரவிடாமல் கட்டுப்படுத்தக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. ஆகவே தம்பி, உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கு ஒரு முஸ்லிம் முதலாளி இதே பார் மெனுவோடு வந்தால் அவருக்கும் இல்லை என்பீர்களா? இந்த ஹோட்டல்காரர் தன் மகளின் கலியாண அட்டைக்கு வந்தால் சந்தோஷமாகச் செய்வீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் நிற்கிற இடம் சரியான இடம்.

இப்போது அந்தக் காசுக் கணக்கு. அமெரிக்காவில் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் சோமாலிய முஸ்லிம்கள். சாராயப் போத்தல் தெரிகிற பயணிகளை ஏற்ற மாட்டோம் என்று சிலர் நின்றார்கள். ஆரம்பத்தில் நிர்வாகம் ஒரு யோசனை வைத்தது: அப்படிப்பட்ட டாக்சிகளின் மேல்விளக்கை வேறு நிறத்தில் போடுவோம், வரிசையிலேயே பயணி பார்த்து ஒதுங்கிவிடலாம் என்று. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. ஆனால் எதிர்ப்பு வந்து கைவிட்டுவிட்டார்கள். கடைசியில் 2007இல், முதல் தடவை மறுத்தால் 30 நாள் தடை, இரண்டாம் தடவை என்றால் இரண்டு வருஷத்துக்கு அனுமதிப்பத்திரம் போய்விடும் என்று விதி போட்டார்கள். டாக்சிக்காரரின் மார்க்கத்தில் நான் குறை சொல்லவில்லை. நடுராத்திரி பெட்டியோடு நிற்கிற பயணிக்கு, அடுத்த டாக்சியும் அதற்கடுத்த டாக்சியும் மறுக்கும்போது, அந்தக் கணக்கில் அவர் காசு கொடுக்கிறார். அங்கேதான் ஊர் பொறுமை இழந்தது.

உங்கள் விஷயத்தில் கணக்கு இப்படி: அட்வான்ஸ் 30,000 முழுதும் திரும்பிப் போக வேண்டும். நாலு பக்கம் செய்துவிட்டேன், அதற்குக் கழித்துக்கொள்கிறேன் என்று நீங்களாகவே கழிக்காதீர்கள். என்ன வேலை என்று முழுதாகக் கேட்காமல் கைநீட்டியது உங்கள் பிழை, என்னைப் போலவே. கையில் 15,000தான் இருக்கிறது என்றால் அதை இன்றைக்கே போட்டுவிட்டு மிச்சத்துக்கு ஒரு திகதி எழுதிக் கொடுங்கள், அந்தத் திகதிக்கு ஒருநாள் முன்னதாகவே போடுங்கள். செய்த கோப்புகளையும் கொடுத்துவிடுங்கள். அல்லது, இதுதான் நடக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம், சாப்பாட்டுப் பக்கங்களை மட்டும் நான் முடித்துத் தருகிறேன், அட்வான்ஸ் அதற்குச் சரியாகப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள். மௌலவி ஆகும் என்றால் மட்டும். முப்பது வருஷத்தில் நான் பார்த்த ஹோட்டல்காரர்களுக்கு மார்க்கமும் தெரியாது, கோபமும் கிடையாது, அட்டை எப்போது கைக்கு வரும் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

சட்டம் பிடிக்குமா என்று கேட்டீர்கள். வாய்ப் பேச்சாக இருந்தாலும் காசு வாங்கினால் ஒப்பந்தம்தான். நம் நாட்டில் ஒப்பந்தத்துக்கு ரோமன் டச்சுச் சட்டம். உங்களைப் பிடித்து உட்கார்த்தி வரையவைக்க எந்த நீதிபதியும் மெனக்கெட மாட்டார். ஆனால் உங்களால் ஏற்பட்ட நட்டத்தை, உதாரணமாகக் கடைசி நேரத்தில் வேறொருவருக்குக் கூடக் கொடுத்த தொகையை, அவர்கள் கேட்கலாம். மூன்றாம் நாள் சொன்னால் அந்த நட்டம் அநேகமாகச் சுழியம், திறப்புவிழாவுக்கு முதல் நாள் சொன்னால் அது ஒரு தொகை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எனக்கு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறதே என்று சிலர் வருவார்கள். தருகிறதுதான், எந்த நிபந்தனையும் இல்லாமல். ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும்; ஹோட்டல்காரரை அதில் இழுக்க முடியாது, அவர் கேட்கிற காசுக்கு அது கேடயமும் ஆகாது.

கம்பனியில் சம்பளத்துக்கு என்றால் கதை மாறும். அங்கே உங்கள் மறுப்பின் பாரம் பக்கத்து மேசையில் இருக்கிறவர் மேல் விழுகிறது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைகள் சட்டம் ஊழியரின் மத வழக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி முதலாளிக்குச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் கொண்டுபோக மாட்டேன் என்ற ஒரு தபால் ஊழியரின் வழக்கில், சும்மா கொஞ்சம் சிரமம் என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது, தொழிலுக்குக் கணிசமான சுமை என்று காட்ட வேண்டும் என்று 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கொழும்பில் தனியார் கம்பனியில் அப்படி ஒரு சட்டத்தை நம்பி நிற்காதீர்கள். இங்கே உங்களுக்கு இருக்கிற இடம் தொழில் நியாய சபை. வேலையிலிருந்து நீக்கினால் ஆறு மாதத்துக்குள் அங்கே போகலாம், நீதியும் நியாயமும் எது என்று பார்த்துத் தீர்ப்பார்கள். அரச உத்தியோகம் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) அடிப்படை உரிமை மனு, அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். இரண்டிலும் பொதுவான ஒரு புத்தி: கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். நீங்களாகப் போனவர் என்று ஆகிவிட்டால் பிறகு என்னை வெளியே தள்ளினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

கம்பனியில் சரியாகச் செய்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் அன்றைக்கே மேனேஜரிடம் தனியாகப் போய், மது, சூதாட்டம் இரண்டும் எனக்கு வேண்டாம், அதற்குப் பதில் மற்றவர்கள் ஓடி ஒளிகிற வேலையைத் தாருங்கள் என்பார்கள். வருஷக்கடைசிக் கணக்கறிக்கை, மருந்துப் பெட்டியில் பொடி எழுத்து, அந்த மாதிரி. ஆறு மாதம் கழித்து அவர்களுக்குப் பார் மெனு கொடுக்க எந்த மேனேஜருக்கும் மனம் வராது, மருந்துப் பெட்டி யார் செய்வது?

ஹோட்டலுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் போன் பண்ணிச் சொல்லுங்கள், பிறகு வட்ஸ்அப்பில் சுருக்கமாக இப்படிப் போடுங்கள்:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய முழு விவரத்தையும் பார்த்தேன். மதுபானப் பக்கங்களையும் அதற்கான படங்களையும் செய்வது என் மார்க்கத்துக்கு ஒத்துவராது. வேலையை ஏற்குமுன் நான் கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது. அட்வான்ஸில் 15,000 ரூபாவை இன்று அனுப்புகிறேன், மீதி இன்ன திகதிக்குள் வரும். இதுவரை செய்த கோப்புகளையும் தருகிறேன். நீங்கள் விரும்பினால் சாப்பாட்டுப் பக்கங்களை மட்டும் முடித்துத் தரலாம்."

இவ்வளவுதான். மதுவின் தீமை பற்றி ஒரு வரியும் வேண்டாம். அவர் பார் நடத்துகிறார், உங்களிடம் பாவமன்னிப்புக் கேட்டு வரவில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் இதே நீளம் போதும். வேறு ஒரு டிசைனரின் இலக்கம் கொடுப்பது எனக்கு ஒத்துவரும். உங்கள் மார்க்கத்தில் அதுவும் துணை போவதாக ஆகுமா என்று மௌலவியிடமே கேட்டுவிடுங்கள்.

வாடகை பற்றி எழுதியிருந்தீர்கள். பெற்ற தாய் பசித்திருப்பதைப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் வேலையைச் செய்யாதே என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெமட்டகொடையில் ஐந்தாம் திகதி வாடகை இல்லை. அதனால் நடைமுறையாக ஒன்று: ரமழானுக்கு முன்னால் ஹலால் உணவகங்கள், அபாயாக் கடைகள், ஹஜ், உம்ரா முகவர்கள் எல்லோருக்கும் அட்டையும் பதாகையும் தேவைப்படும். இந்த 90,000க்காக உட்கார்ந்திருக்கும் மூன்று கிழமையில் புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வட்டிக்கு வேலை செய்ய மாட்டோம் என்றவர்களை வைத்துத்தான் 2011இல் வட்டியில்லாத அமானா வங்கி இங்கே கதவு திறந்தது. தெர்த்துல்லியனின் அலுமாரி அங்கே எங்கேயாவது இருக்கும்.

கடைசியாக, உங்கள் கொட்டேஷன் தாளின் அடியில் ஒரு வரி சேருங்கள்: மது, புகையிலை, சூதாட்டம் சம்பந்தமான வேலைகள் ஏற்கப்படுவதில்லை. நான் அந்தத் துண்டுப்பிரசுரக் கதைக்குப் பிறகு, 'எந்த மதத்தையும் இழிவுபடுத்தும் வாசகங்கள் அச்சிடப்படமாட்டாது' என்று போட்டேன். முழுதாக வாசித்த பிறகே அட்வான்ஸ் வாங்குவது என்றும் வைத்துக்கொண்டேன். பிறகு அப்படி ஒரு சண்டை வரவேயில்லை.

ஒரே ஒருதடவை, கிராண்ட்பாஸில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் அந்த வரியை வாசித்துவிட்டு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "ஐயா மச்சம் சாப்பிடமாட்டீங்க. என் மாட்டிறைச்சிக் கடை பில் புத்தகம் மட்டும் அடிப்பீங்களா?" என்று கேட்டார். அடிப்பேன் என்றேன். பில் புத்தகத்தில் தேதியும் தொகையும் மட்டும்தானே என்றேன். பன்னிரண்டு வருஷம் அவருக்கு அடித்துக் கொடுத்தேன். அந்தப் பதில் என் மனைவிக்கு இன்னும் சரியாகப் படவில்லை.